சிறு தொழிலுக்கு உண்மையிலேயே இலவசமான கருவியும் உதவியும் எங்கே கிடைக்கும்?

ஊசிநூல் | ஜனவரி 6, காலை

வீட்டிலிருந்தே துணிப்பை தைத்து விற்கிறோம், நானும் என் ஓரகத்தியும். ஆர்டர் கூடக் கூடத் தலை சுற்றுகிறது. பில் போட ஒரு செயலி, படம் செய்ய ஒன்று, ஸ்டாக் பார்க்க ஒன்று என்று தேடினால் எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா. "சிறு தொழிலுக்கு நூறு இலவசக் கருவிகள்" என்று ஒரு பட்டியலை முழுக்க மேய்ந்தேன். பாதி ட்ரையல், சில நாள் மட்டும் இலவசம். மீதியில் பாதி லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மட்டும். இலவசம் என்று எதுவும் கிடையாது, எல்லாம் தூண்டில் என்று முடிவு கட்டிவிட்டேன். இல்லை என்பவர்கள் வந்து சொல்லுங்கள்.

பைண்டர் | ஜனவரி 6, மாலை

பாதி சரி. ட்ரையலை விட்டுவிடுவோம், அது இலவசமே இல்லை. மற்றதில் இரண்டு ரகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நிறுவனம் தன் விருப்பத்துக்குத் தருவது. இன்று இவ்வளவு வசதி இலவசம் என்பார்கள், நாளை குறைப்பார்கள். கேட்க நமக்கு உரிமை இல்லை. இன்னொன்று கட்டற்ற மென்பொருள். அதில் உரிமமே நம் பக்கம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம், தொழிலுக்கும் சேர்த்து. பின்னால் இருப்பவர்கள் கைவிட்டாலும் வேறு யாராவது எடுத்து நடத்த முடியும். ஏட்டளவில் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. 2010ல் ஆரக்கிள், சன் நிறுவனத்தை வாங்கியபோது கடிதம், கணக்குத் தாள் எல்லாம் செய்ய உதவும் ஓப்பன் ஆபிஸும் அதன் கைக்குப் போனது. அதில் வேலை செய்துகொண்டிருந்த தன்னார்வலர்கள் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் நிரலை எடுத்துக்கொண்டு தனியாக வந்து லிப்ரே ஆபிஸ் ஆரம்பித்தார்கள். நான் இன்றும் பில் அடிப்பது அதில்தான். பழைய கோப்புகள் எல்லாம் திறக்கின்றன.

நான் நோட்டு, டைரி கட்டி விற்பவன். கணினி ஆள் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பைண்டர் | ஜனவரி 6, இரவு

நிறுவனம் தரும் இலவசம் எப்படிச் சுருங்கும் என்பதற்கு உதாரணம் கேட்டு ஒருவர் தனிச்செய்தி போட்டிருக்கிறார். இங்கேயே சொல்கிறேன். சொந்த டொமைன் பெயரில், அதாவது நமக்கென்று வாங்கிய இணைய முகவரியில், மின்னஞ்சல் வைக்கும் வசதியை கூகுள் ஒரு காலத்தில் சிறு குழுக்களுக்கு இலவசமாகத் தந்தது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு நிறுத்தினார்கள். 2022 ஜனவரியில் பழையவர்களும் கட்டணத்துக்கு மாற வேண்டும் என்றார்கள். கூச்சல் எழுந்த பிறகு சொந்த உபயோகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார்கள், தொழில் செய்பவர்களுக்கு இல்லை. வரைபடத்தில் கடை விவரத்தைக் காட்டும் அவர்களுடைய பிசினஸ் புரொஃபைலிலேயே ஒரு பக்க இணையதளம் செய்துகொள்ளும் வசதியும் இருந்தது. அது 2024 மார்ச்சில் நின்றது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு பார்க்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பைண்டர் | ஜனவரி 8

கணக்கு. இதுதான் உங்கள் அசல் தொல்லை என்று நினைக்கிறேன்.

பில் போட நான் முதலில் ஒரு கைபேசிச் செயலி வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அழகாக இருக்கும், இலவசம். ஒரு நாள் திறந்தால், மாதத்துக்கு இத்தனை பில்தான் இலவசம், மேலே வேண்டுமானால் சந்தா கட்டு என்றது. சரி, தரவை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் ஒவ்வொரு பில்லையும் தனித்தனி பிடிஎஃப் ஆகத்தான் இறக்க முடியும். அட்டவணையாகக் கிடைக்காது. வாடிக்கையாளர் பெயர்களை உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்தோம், நானும் என் மகளும்.

அதிலிருந்து எந்தக் கருவி என்றாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: என் தரவு முழுவதையும் சிஎஸ்வியாகவோ (எளிய அட்டவணைக் கோப்பு) விரிதாளாகவோ ஒரே மூச்சில் வெளியே எடுக்க முடியுமா? முதல் நாளே நாலு பொய்ப் பதிவு போட்டு எடுத்துப் பார்ப்பேன். எக்ஸ்போர்ட் கட்டணத் திட்டத்தில் மட்டும்தான் என்றால் அன்றே அழித்துவிடுவேன்.

கட்டற்றதில் கணக்கு எழுத க்னூகேஷ் இருக்கிறது. 1998ல் முதல் பதிப்பு வந்தது, இன்றும் புதுப்பிக்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். பில் போடலாம், யார் பாக்கி என்று பார்க்கலாம். ஆனால் அது இரட்டைப் பதிவு முறை, ஒவ்வொரு தொகையையும் இரண்டு கணக்கில் எழுத வேண்டும். பற்று, வரவு என்றால் என்ன என்று தெரியாமல் உள்ளே போனால் முதல் வாரமே கோபம் வரும். கணக்குப் படித்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குத் தலைப்புகளை மட்டும் அமைத்துக் கொடுத்தால் மீதி சுலபம்.

பைண்டர் | ஜனவரி 8, பிறகு

க்னூகேஷ் பற்றிச் சொன்னது உங்களுக்கு இப்போது தேவைப்படாது என்று தோன்றுகிறது. இரண்டு பேர், ஒரே பொருள் வகை. லிப்ரே ஆபிஸில் இருக்கும் விரிதாள், கால்க், அதில் ஒரு தாள் போதும். தேதி, பில் எண், யாருக்கு, என்ன, எத்தனை, மொத்தம், வந்தது, பாக்கி. இன்னொரு தாளில் செலவு. வீட்டுச் செலவை அதில் சேர்க்கவே கூடாது. பில் எண்ணை இடைவெளி விடாமல் வரிசையாகப் போடுங்கள். ரத்தான பில்லை அழிக்காமல் "ரத்து" என்று எழுதி வையுங்கள், கணக்குப் பார்ப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரிந்தால் தரவு போய்விட்டது என்று பதறாதீர்கள். கால்க்கில் திறக்கும்போது வரும் பெட்டியில் எழுத்துக் குறிமுறையை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கைராட்டை | ஜனவரி 9

ஈஆர்பிநெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, முழுக்க கட்டற்றது. ஸ்டாக், கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே இடத்தில். அதை விட்டுவிட்டு விரிதாளில் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

பைண்டர் | ஜனவரி 9

மென்பொருள் இலவசம்தான். அதை வைக்க சர்வர் வேண்டும், அதைப் புதுப்பிக்க, பேக்கப் எடுக்க, உடைந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கொடுத்துவைத்தவர். இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது நல்ல பொருள். இரண்டு பேருக்கு, அதைப் பராமரிப்பதே மூன்றாவது ஆளின் வேலையாகிவிடும்.

பைண்டர் | ஜனவரி 13

படம், லோகோ. இதில் காசை விட உரிமம்தான் வம்பு.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படம் எல்லாம் தொழிலுக்கு இலவசம் இல்லை. ஆக்கியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002லிருந்து இருக்கின்றன, அவற்றில் பல வகை. சிசி0 என்றால் ஆக்கியவர் உரிமையையே விட்டுக்கொடுத்திருக்கிறார், கேள்வியே இல்லை. பிஒய் என்றால் ஆக்கியவர் பெயரைப் போட வேண்டும். என்சி என்று இருந்தால் வணிகத்துக்குக் கூடாது, நாம் எவ்வளவு சின்னக் கடை என்றாலும். அன்ஸ்பிளாஷ் என்ற புகைப்படத் தளத்தின் படங்களை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், ஆனால் படத்தில் அடையாளம் தெரியும் மனிதர் இருந்தால் அவர் நம் பொருளைப் பரிந்துரைப்பது போல வைக்காதீர்கள்.

எழுத்துருவிலும் இதே கதை. "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்று மூலையில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. பையில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் திறந்த எழுத்துரு உரிமம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நோட்டோ என்ற எழுத்துரு வரிசையில் தமிழ் உட்பட ஏராளமான மொழிகள் இருக்கின்றன, எல்லாம் அந்த உரிமத்தில்தான். என் டைரி அட்டைகளில் இருப்பது அதுவே.

லோகோவை இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகருவியில் வரையுங்கள். அதில் வருவது வெக்டர் (கோடுகளாகச் சேமிக்கும் படம்), எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாது. அச்சுக்காரரிடம் கொடுத்தால் முகம் சுளிக்க மாட்டார். கிம்ப் புகைப்படம் திருத்த. இணையத்திலேயே வடிவமைக்கும் கேன்வாவின் இலவசத் திட்டம் அன்றாட விளம்பரத்துக்கு எனக்கு மிகவும் உதவுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருக்கும் ஆயத்தப் படங்களை வைத்து லோகோ செய்யாதீர்கள். அதே படத்தை வேறு எவரும் எடுக்கலாம் என்பதால் அதை உங்கள் வணிகச் சின்னமாகப் பதிய முடியாது.

பைண்டர் | ஜனவரி 13, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேனே என்று தூக்கம் வரவில்லை. பெயர் வைக்கும் முன், உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்தும் உலக வணிகச் சின்னத் தரவுத்தளத்தில் தேடுங்கள். இலவசம், கணக்குத் திறக்காமலேயே தேடலாம். பல நாடுகளின் பதிவுகள் ஒரே இடத்தில் கிடைக்கும், லோகோ படத்தைக் கொடுத்தும் ஒத்த படங்களைத் தேடலாம். அதில் இல்லை என்பதால் மட்டும் பெயர் காலி என்று அர்த்தமில்லை, உங்கள் நாட்டுப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். இருந்தாலும் மோதல் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஊசிநூல் | ஜனவரி 15

அண்ணே, கால்க் இறக்கிவிட்டேன். ஓரகத்திக்கு என்னை விடச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அதில் என் மாமியார் அனுப்பும் காலை வணக்கங்களுக்கு நடுவில் வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருக்கிறது.

பைண்டர் | ஜனவரி 15

தங்கச்சி, வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாறுங்கள், ஆனால் தனி எண்ணில். 2018லிருந்து இருக்கிறது, செயலி இலவசம். பொருள் பட்டியல் வைக்கலாம், அடிக்கடி கேட்கும் கேள்விக்கு விரைவுப் பதில் எழுதி வைக்கலாம். எல்லாவற்றையும் விட லேபிள்தான் எனக்குப் பிடித்தது: "புது ஆர்டர்", "பணம் வரவில்லை", "அனுப்பியாச்சு". பெரிய நிறுவனங்கள் மென்பொருளோடு இணைக்கும் வழி வேறு, அதற்குத்தான் கட்டணம். அதை உங்களுக்கு விற்க யாராவது வருவார்கள். வேண்டாம்.

மாமியாரை எந்த லேபிளில் போடுவது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பைண்டர் | ஜனவரி 16

கூகுள் வரைபடத்தில் பெயர் வருவது பற்றி. பிசினஸ் புரொஃபைல் இலவசம், பட்டியலில் இருக்கக் கட்டணமே கிடையாது. "உங்கள் பக்கம் காலாவதியாகப் போகிறது, பணம் கட்டுங்கள்" என்று யார் போன் செய்தாலும் அது ஏமாற்று. வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள், வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட்டு எந்தப் பகுதிகளுக்குச் சேவை என்று மட்டும் காட்ட வேண்டும். இது தெரியாமல் வீட்டுக் கதவு எண் வரை போட்டிருப்பவர்கள் நிறைய.

பைண்டர் | ஜனவரி 19

இணையதளம் பற்றிக் கேட்டவருக்கு. வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003லிருந்து கட்டற்றது. டொமைன் பெயருக்கும் தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கும் காசு உண்டு, அதில் தப்பிக்க முடியாது. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் நீங்களே வாங்குங்கள். எனக்குத் தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் வாங்கி வைத்திருந்தார். புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் ஆள் போன் எடுக்கவில்லை. பெயரே கையை விட்டுப் போனது.

பூட்டுச் சின்னம் வருவதற்கான சான்றிதழுக்கு என்று தனியாகத் தொகை போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 2015லிருந்து அதை இலவசமாகத் தருகிறது, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கலாம்.

கைராட்டை | ஜனவரி 19

வேர்ட்பிரஸில் கணக்குத் திறந்தாலே டொமைன் வாங்காமல் இலவசமாகத் தளம் கிடைக்கிறதே. தப்பிக்க முடியாது என்கிறீர்களே?

பைண்டர் | ஜனவரி 20

டாட் காம் என்று முடியும் தளம் சேவை, டாட் ஆர்க் என்று முடியும் தளத்தில் கிடைப்பது மென்பொருள். நீங்கள் சொல்வது முதலாவது. அங்கே இலவசத் திட்டம் உண்டு, முகவரியில் அவர்கள் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், விளம்பரமும் வரலாம். ஆரம்பத்துக்கு அது தவறில்லை, ஏனென்றால் எழுதியதை எல்லாம் எக்ஸ்போர்ட் செய்து பிறகு சொந்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆக நான் நேற்று எழுதியது சொந்தப் பெயரில் தளம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

பைண்டர் | ஜனவரி 20, சற்றுப் பிறகு

கிராக் போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, மென்பொருள் இலவசத்தில் சேருமா என்று ஒருவர். சேராது. கூடவே வருவது என்னவென்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

பைண்டர் | ஜனவரி 24

இதுவரை கருவி, கருவி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். கேள்வியில் "உதவி" என்றும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எனக்கு இலவசமாகக் கிடைத்ததில் பெரியது ஒரு கேள்வி.

சிறு தொழிலுக்கான ஆலோசனை மையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். விளம்பரத்துக்கு எந்தச் செயலி நல்லது என்று கேட்கத்தான் போனேன். எதிரில் இருந்த ஓய்வுபெற்ற அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஒரு டைரி கட்ட எவ்வளவு நேரம்?" என்றார். தாள் விலை, நூல் விலை, அட்டை விலை எல்லாம் மடமடவென்று சொன்னேன். நேரம் தெரியவில்லை. போய்க் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பார்த்தால், பசை காயும் நேரத்தை விட்டாலும், கைத்தையல் போட்ட டைரி ஒவ்வொன்றையும் நான் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தேன். விலையை ஏற்றினேன், சின்ன அளவு டைரியை நிறுத்தினேன். விளம்பரச் செயலி எதுவும் அன்றைக்குத் தேவைப்படவில்லை.

இப்படிப்பட்டவர்கள் எங்கே இருப்பார்கள்? பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அரசின் சிறு தொழில் அலுவலகம், வணிகர் சங்கம், பொது நூலகம், தொழில் பாடம் நடத்தும் கல்லூரி. கல்லூரி மாணவர்களுக்குப் பாடத்துக்காக உண்மையான தொழில் ஒன்று தேவைப்படும், உங்களுக்குக் கணக்குத் தாள் அமைக்க ஆள் தேவை. பேராசிரியருக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 'தொழிலைத் தொடங்கு, மேம்படுத்து' என்று ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறது, 100க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளூர் பயிற்சியாளர்கள் வழியாக. விலை வைப்பது, செலவுக் கணக்கு, ஸ்டாக் என்று நம் மட்டத்தில் பேசும் பாடங்கள். பயிற்சிக்குக் கட்டணம் உண்டா என்பது நடத்துபவரைப் பொறுத்தது, கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச வணிக மையத்தின் இணைய வகுப்புகளைப் பாருங்கள், இலவசப் பாடங்கள் நிறைய இருக்கின்றன.

பைண்டர் | ஜனவரி 25

கேட்கும் விதம் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். "தொழில் எப்படி முன்னேறும்?" என்று கேட்டால் எவ்வளவு நல்ல மனிதரும் பொதுவாகத்தான் பேசுவார். "போன மாதம் இத்தனை பை விற்றேன், துணிக்கு இவ்வளவு போனது, இந்த விலை சரியா?" என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். லிப்ரே ஆபிஸ், க்னூகேஷ் பயனர் குழுக்களிலும் இதேதான். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன வந்தது. இவை நான்கும் இருந்தால் முகம் தெரியாத ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்குத் தருவார். எனக்குத் தந்திருக்கிறார்கள்.

மானியம் வாங்கித் தருகிறேன், முதலில் செயலாக்கக் கட்டணம் அனுப்பு என்பவரிடம் எதையும் கேட்க வேண்டாம். போனை வைத்துவிடுங்கள்.

தறிநிழல் | ஜனவரி 27

இதெல்லாம் எதற்கு? இப்போது ஏஐயிடம் கேட்டால் எல்லாம் சொல்கிறதே, அதுவும் இலவசம்.

பைண்டர் | ஜனவரி 27

கடிதம் எழுத, பொருள் விவரம் எழுத நானும் கேட்கிறேன், நன்றாகவே எழுதுகிறது. வரி விதியைக் கேட்டால் தவறானதையும் அதே தெளிவோடு சொல்லும், அதனால் அரசுத் தளத்தில் ஒரு முறை சரிபார்ப்பேன். வாடிக்கையாளர் எண், முகவரிகளை அதில் ஒட்ட மாட்டேன். அவர்கள் என்னிடம் கொடுத்தது டைரி அனுப்பத்தான்.

அப்புறம், அது என்னைக் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது.

பைண்டர் | பிப்ரவரி 2

பேக்கப். அலுப்பான விஷயம், அதனால் சுருக்கமாக. மூன்று பிரதி, இரண்டு வகை இடத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி நம் விரிதாளுக்குத் தாராளம், ஆனால் மின்னஞ்சலும் புகைப்படமும் அதே இடத்தைத்தான் தின்னும். கடவுச்சொல்லுக்கு பிட்வார்டன் இலவசத் திட்டமே போதும். இணையத்தில் வைக்கப் பயம் என்றால் கீபாஸ்எக்ஸ்சி, எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். இரண்டு படி உள்நுழைவு போடும்போது தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். கைபேசியிலேயே படமெடுத்து வைத்தால், கைபேசி தொலையும்போது அதுவும் தொலையும்.

தாளில் எழுதுங்கள் என்று நோட்டு விற்பவன் சொல்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிநூல் | பிப்ரவரி 11

கடிகாரம் வைத்துப் பார்த்தோம் அண்ணே. ஜிப் வைத்த பைக்கு ஜிப் இல்லாத பையை விட இரண்டு மடங்கு நேரம் போகிறது, விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம் வைத்திருந்தோம். ஓரகத்தி முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஜிப் எல்லாம் அவள்தான் தைப்பாள். விலை மாற்றப் போகிறோம். பழைய வாடிக்கையாளர்களிடம் எப்படிச் சொல்வது?

பைண்டர் | பிப்ரவரி 11

கையில் இருக்கும் ஆர்டரைப் பழைய விலைக்கே முடித்துக் கொடுங்கள். புது விலை எந்தத் தேதியிலிருந்து என்று முன்கூட்டியே ஒரே செய்தி, எல்லோருக்கும் ஒரே மாதிரி. விளக்கம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம், நீளமாக எழுதினால் பேரம் பேசக் கூப்பிடுவது போல ஆகிவிடும். வாட்ஸ்அப் பட்டியலில் விலையை அதே நாளில் மாற்றுங்கள். கால்க்கில் பழைய விலையை அழிக்காமல் புது நெடுவரிசை போடுங்கள்.

பைண்டர் | பிப்ரவரி 12

மேக்கில் கால்க் ஓடுமா என்று கேட்டவருக்கு: ஓடும். லிப்ரே ஆபிஸின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், அங்கே இலவசம். ஆப் ஸ்டோரில் இருக்கும் பதிப்புக்குக் கட்டணம் காட்டும், அது வேண்டுமென்றால் வாங்கலாம்.